எட்டாவது மேற்கோள்

விசாரணைக்கு என் வாக்குமூலத்தை எழுதித் தரச் சொன்னது நல்லதாகப் போயிற்று. வாயால் சொன்னால் எனக்கு முன்பின்னாக வந்துவிடும். கோடு போடாத தாள் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை, டீ நன்றாக இருந்தது.

நான் ஒரு மருத்துவ ஆய்விதழில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும், எந்தச் செய்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு மேற்கோள் பட்டியல் இருக்கும். கட்டுரைக்குள் வாக்கியத்தின் ஓரத்தில் சின்னதாக ஓர் எண். பட்டியலில் அதே எண்ணில் அதன் ஆதாரம். எழுதியவர், தலைப்பு, இதழ், வருடம், தொகுதி, பக்கம். இந்த வரிசை மாறக் கூடாது. டாக்டர்கள் அனுப்பும் பட்டியல் பள்ளிக்கூடம் விட்ட நேரத்து வாசல் மாதிரி இருக்கும். வரிசையில் நிற்க வைப்பது என் வேலை.

வீட்டிலும் நான் கொஞ்சம் அப்படித்தான். "சீப்பைக்கூட உயரம் பாத்து அடுக்குவாரு. தலையில இருக்கறது நாலு முடி" என்று என் மனைவி அவள் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

குழந்தைகள் வார்டு டாக்டரம்மாவின் கட்டுரையும் அப்படித்தான் கலைந்துபோய் வந்தது. காய்ச்சலில் வலிப்பு வரும் குழந்தைகளுக்குப் போடும் ஓர் ஊசி மருந்தைப் பற்றியது. எடைக்கு எவ்வளவு மருந்து என்று அதில் அட்டவணை இருந்தது. எங்கள் இதழில் வரும் அட்டவணைகளைப் பல மருத்துவமனைகளில் வெட்டி, மருந்து அலமாரிக் கதவில் ஒட்டிவிடுவார்கள். எங்களுக்கு அப்படி ஒரு பெயர்.

அட்டவணைக்குக் கீழே ஒரு வாக்கியம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இதில் பாதிதான் போட வேண்டும். ஓரத்தில் எட்டு.

எட்டாவது ஆதாரம் புத்தகமும் இல்லை, கட்டுரையும் இல்லை. வேறொரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர் கைப்பட எழுதி அனுப்பிய குறிப்பு. டாக்டரம்மா அதன் நகலை இணைத்திருந்தார். முழு அளவு போட்ட சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது, சிலர் பிழைக்கவில்லை, பாதி போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். முழுக்கப் படித்தேன். படிக்காமல் செய்துவிட்டேன் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் நம்ப வேண்டாம். கையெழுத்துகூட நன்றாகவே இருந்தது.

ஆனால் அதற்குத் தலைப்பு இல்லை, தொகுதி இல்லை, பக்கம் இல்லை. எங்கள் கையேட்டில் புத்தகத்துக்கு ஒரு வடிவம் உண்டு, ஆய்வேட்டுக்கு உண்டு, செய்தித்தாளுக்கும் உண்டு. செவிலியரின் குறிப்புக்குக் கிடையாது. எனவே எடுத்துவிட்டேன். ஆதாரம் போனபின் அந்த வாக்கியம் அந்தரத்தில் நின்றது. ஆதாரமில்லாத வாக்கியத்தை அச்சில் விடக் கூடாது என்பதும் விதிதான். அதையும் எடுத்தேன். ஒன்பதை எட்டாக்கி, பத்தை ஒன்பதாக்கி, கடைசிவரை எண்களை நகர்த்தினேன். அடுத்த பக்கத்துக்கு வழிந்துகொண்டிருந்த பட்டியல் அந்தப் பக்கத்திலேயே அழகாக முடிந்தது. இந்த வேலையில் அப்படி அமைவது அபூர்வம்.

அச்சுக்கு முன் சரிபார்க்க டாக்டரம்மாவுக்குப் புரூஃப் அனுப்பினோம். மறுநாளே போன் செய்தார்.

"சார், எட்டாவது ரெஃபரன்ஸ் எங்க?"

"எட்டு இருக்கே மேடம்."

"இது ஒன்பது. அந்த நர்ஸ் எழுதினது எங்க? பாதி டோஸ்னு ஒரு வரி இருந்ததே, அதையும் காணோம்."

"அதுக்குப் பக்க எண் இல்லைங்க மேடம்."

"சார், அந்த வரி இல்லைன்னா பிள்ளைங்க செத்துப்போகும்."

"நான் இல்லைன்னு சொல்லலையே. எந்த வடிவத்துல போடறதுன்னுதான் கேக்கறேன்."

நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். "உங்க இஷ்டத்துக்கு ஏதோ ஒண்ணு போடுங்க. அதையெல்லாம் யாரு சார் உக்காந்து பாக்கறா?"

நான் கோபப்படவில்லை. இத்தனை வருடத்தில் என் இஷ்டத்துக்கு ஒரு காற்புள்ளிகூட வைத்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாத்துக்கறேன் மேடம்" என்றேன். அவர் நம்பி ஒப்புதல் கொடுத்துவிட்டார். நானும் சொன்னபடி பார்த்தேன். எட்டைத் திரும்பச் சேர்த்தால் அத்தனை எண்களும் மறுபடி நகர வேண்டும், பட்டியல் மறுபடி வழியும். தலைமை ஆசிரியர் என் மேஜைப் பக்கம் வந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார்.

"கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குய்யா" என்றார்.

அதற்கு மேல் அதைக் கலைக்க மனம் வருமா? இதழ் அப்படியே அச்சுக்குப் போயிற்று.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அலமாரிக் கதவுகளில் அட்டவணை ஏறியது. ஊசி போட்டவர்கள் அட்டவணையில் இருந்தபடிதான் போட்டார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. டாக்டரம்மாவைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கட்டுரையில் அவர் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. அவர் ஒருநாள் அலுவலகத்துக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்ககிட்ட நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க மேடம்."

"என்னன்னு சொன்னேன்?"

"பிள்ளைங்க செத்துப்போகும்னு சொன்னீங்க."

இதில் நான் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாட்சி வேண்டுமானால் ஆசிரியர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, உடனே ஒரு திருத்த அறிவிப்புத் தயார் செய்து எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்பு, செவிலியரின் குறிப்பையும் பிற்பாடு வந்த மருத்துவமனை அறிக்கைகளையும் ஆதாரமாகக் காட்டு என்றார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அறிவிப்பு இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்கள் கேள்விகளிலிருந்து தெரிந்தது. ஆசிரியர் கேட்கும்போதெல்லாம் "முடிஞ்ச மாதிரிதான் சார்" என்றேன். அது பொய்யில்லை. செவிலியரின் குறிப்பை எந்த வடிவத்தில் போடுவது என்று கையேட்டுக் குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பொறுப்பான பதில்.

என் மனைவிக்கு மட்டும் தெரியும். "ஒரு வரிதானேங்க? பாதி போடுங்கன்னு ஒரு வரி. அனுப்பித் தொலைங்களேன்" என்றாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஒரு தவறைத் திருத்தும் அறிவிப்பிலேயே தவறு இருந்தால் எவ்வளவு அசிங்கம் என்று அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. நீங்கள் படித்தவர்கள்.

இன்று காலை வரும் வழியில் இன்னொரு குழந்தை என்று கேள்விப்பட்டேன். வருத்தமான விஷயம். அந்த அறிக்கையும் வந்து சேரட்டும், அதையும் அதன் இடத்தில் வைத்து எண்களை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் அனுப்புவேன். குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட காரியம், இதில் அவசரப்படக் கூடாது.