அரைநாள் ராசா

ஒருவர் நீட்டுகிற கத்தியை நீங்கள் கையில் வாங்குவீர்களா?

இரவு ஒன்றே முக்கால். வடக்கு ஜெர்மனி, டென்மார்க் எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே. வயல்களுக்கு நடுவே ஒரு கார் மட்டும் போகக்கூடிய தெரு. தெருவிளக்கு இல்லை. வீடு இல்லை. தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்... எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். எல்லாம் ஒரே நேரத்தில் அணையும்.

அந்தத் தெருவில் ஒரு பழைய ஒப்பல் கார் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் பெயர் தபோதரன். பக்கத்து சீற்றில் ஒரு பூங்கொத்து. அதற்குக் கீழே பெண்கள் போடும் ஒரு குளிர் ஜக்கற், கடை விலைத் துண்டு இன்னும் கழற்றாதது.

அவனை நான் பார்த்ததில்லை. அவன் முருகேசு அண்ணையின் மனைவியின் தம்பி. இதைச் சொன்னது முருகேசு அண்ணை.

அவர் சொன்னது, ஜெர்மனியின் எசன் நகரில் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கு முதல் நாள் இரவு. வாடகை மண்டபத்தின் குசினியில் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி நெருங்கி இருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். ஹீற்றர் வேலை செய்யவில்லை. அடுப்புக்கு மேலே இருந்த ஒரு விளக்கு மட்டும். சிவானுஜா தன் கத்தியை முருகேசு அண்ணையிடம் நீட்டினாள். இங்கே பிறந்த பிள்ளை, தாதிப் படிப்புப் படிக்கிறாள். பிடியை அவர் பக்கம் வைத்து, ஒழுங்காகத்தான் நீட்டினாள்.

"கீழை வை பிள்ளை" என்றார்.

"எனக்கும் உங்களுக்கும் என்ன மாமா பகை வரப்போகுது? கிண்டர்கார்டன்ல இப்பிடித்தான் சொல்லித் தந்தவை, பிடியை மற்ற ஆளுக்கு நீட்டோணும் எண்டு."

"கீழை வை."

வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை. மேசையில் கிடந்த கத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

தபோதரன் ஃபிளென்ஸ்பூர்க் பக்கம் பாண், அதாவது ரொட்டி, சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். மனைவி கலாதேவி யாழ்ப்பாணத்தில். பிரிந்து ஒன்பது வருடம். முதலில் இவனுடைய அகதி வழக்கு இரண்டு தரம் நிராகரிப்பு. பிறகு விசா கிடைத்து, அவளுக்கு மனுப் போட்டால், ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் என்றார்கள். கொழும்புக்குப் போய்ப் போய் எழுதினாள். மூன்று தரம் ஃபெயில். நாலாம் தரம் பாஸ். அந்த இரவு விடிந்து ஏழு ஐந்துக்கு அவளுடைய விமானம் ஹம்பேர்க்கில் இறங்கும். அவன் பின்னேர வேலையை இரவு ஒன்றரைக்கு முடித்துக்கொண்டு நேரே காரில் ஏறினான். வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். "நித்திரை வந்து எழும்பாட்டி என்ன செய்யிறது?" என்றானாம்.

அவனோடு அங்கே வேலை செய்தவள் லிசா. அந்த ஊர்க்காரி. ஹைவேயை இரவில் திருத்த வேலைக்காக மூடியிருக்கிறார்கள், மாற்றுப் பாதை பழைய மாட்டுப் பாதைப் பக்கமாகப் போகும் என்று வெளிக்கிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டு, பாண் தட்டுகளை அடுக்கிக்கொண்டே ஒரு கதையும் சொன்னாள்.

அந்தப் பாதை ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. மாடும் படையும் போன பாதை. அந்தக் காலத்தில் வடக்கே ஒரு ராசா இருந்தான். அவனுடைய சகோதரியைக் கட்டியவன் ஒருவன். ஒருநாள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு நிற்கும்போது ராசா தன் வாளை நீட்டி, "இதைக் கொஞ்சம் பிடி, இடுப்புப் பட்டியைத் தளர்த்தப் போகிறேன்" என்றான். மச்சான்தானே என்று இவன் வாங்கிப் பிடித்தான். ராசா பட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு சிரித்தான். "இன்னொருவன் வாளைப் பிடித்து நிற்பவன் அவனுக்குக் கீழானவன். இனி நீ என் ஆள். திறை கட்டு."

பல வருடம் கட்டினான். ஒரு வருடம் திறையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தான். மேலே தோல் போட்டு மூடியிருந்தது. அடியில் ஆயுதம். அந்த இரவே மச்சானையும் அவன் ஆட்களையும் வெட்டிப்போட்டு, விடியும்போது சிம்மாசனத்தில் ஏறி இருந்தான். எனக்கும் இதற்கு உரிமை இருக்கிறது என்றான். ஆனால் ஒத்துக்கொள்ள ஆள் வேண்டுமே. பழைய ராசாவின் ஆட்களில் ஒருவன்தான் உயிரோடு மிச்சம். அவனிடம் வாளை நீட்டினான், பிடித்துச் சத்தியம் செய் என்று. அவன் பிடியால் வாங்கினான். வாங்கின கையோடு புது ராசாவின் வயிற்றுக்குள் இறக்கிவிட்டான். அப்போது மத்தியானம்கூட ஆகவில்லை.

"அரைநாள் ராசா எண்டுதான் சொல்லுவினமாம்" என்றார் முருகேசு அண்ணை.

"எங்கட அப்பாவுக்கும் அரைநாள் வேலைதான்" என்றாள் சிவானுஜா. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்த அரைநாள் ராசா இன்னும் அந்தப் பாதையில் அலைகிறானாம்; யாராவது 'இதைக் கொஞ்சம் பிடி' என்றால் கையில் வாங்காதே. வாங்கினால் அவன் ஆளாகிவிடுவாய், பிறகு ஊருக்குத் திரும்ப மாட்டாய். லிசா சொன்னது அவ்வளவுதான். தபோதரன் அவளிடம், "பாவம் அந்த மனிசன். ஒரு நிமிசம் பிடிச்சதுக்கு ஆயுள் முழுக்கவோ?" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தானாம்.

இனி அந்தத் தெரு.

மாற்றுப் பாதைக்கு மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். இரண்டு சந்திக்குப் பிறகு பலகையைக் காணவில்லை. போனில் வரைபடம் சுற்றிக்கொண்டே நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர் வாய்க்கால். திருப்பவும் இடமில்லை. மெதுவாகப் போனான்.

முதலில் வந்தது மணம். தார். நனைந்த ஆட்டு மயிர். கண்ணாடி எல்லாம் மூடித்தான் இருந்தது.

பிறகு சத்தம். எண்ணெய் விடாத மரச் சில்லு சுற்றுகிற சத்தம்... கீ...ச்... கீ...ச்... ஒன்றல்ல. நிறைய. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடியில் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம். மேலே ஏதோ போட்டு அமுக்கி வைத்தமாதிரி மந்தமாக.

கார் தானாக நின்றது. வெளிச்சம் மட்டும் எரிந்தது.

வெளிச்சத்தில் ஒரு ஆள் நின்றான். பெரிய ஆள். பின்னால் வண்டிகள், மாடு இல்லாமல். அவன் மார்புக்குக் கீழே உடுப்புக் கறுப்பாக நனைந்திருந்தது. கையில் ஒரு வாள். கூர்ப் பக்கத்தைத் தன் வயிற்றுக்கு நேரே வைத்து, பிடியை இவன் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான்.

தபோதரன் இறங்கினான். ஏன் இறங்கினாய் என்று முருகேசு அண்ணை பிறகு கேட்டிருக்கிறார். "இறங்கினது தெரியாது அத்தான். தெருவில நிண்டன்" என்றான்.

அந்த ஆள் பேசினான். "என்ன பாசை எண்டு தெரியேல்லை. ஆனா விளங்கினது. இதைக் கொஞ்சம் பிடி, பட்டியைத் தளர்த்தோணும் எண்டான்."

லிசா சொன்னது ஞாபகம் வந்தது. கையில் வாங்கக் கூடாது. அதற்கு இவனுக்கு ஊரில் பழகின வழி இருந்தது. சின்ன வயதிலிருந்து கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் அப்படித்தான். தமிழிலேயே சொன்னான்.

"கீழை வையுங்கோ. எங்களுக்குள்ள பகை வேண்டாம்."

அந்த ஆள் அசையவில்லை. காற்றாலை விளக்குகள் எரிந்தன. அணைந்தன. எரிந்தன.

பிறகு குனிந்தான். வாளைத் தெருவுக்குக் குறுக்கே வைத்தான். நிமிர்ந்து தன் இரண்டு வெறுங்கைகளையும் விரித்துப் பார்த்தான். கனநேரம் பார்த்தான். இடுப்புப் பட்டியை அவிழ்த்துக் கீழே போட்டான். ஈரத் தோல் தெருவில் விழுந்த சத்தம் கேட்டது. வயலுக்குள் இறங்கி நடந்தான். காலடிச் சத்தம் இல்லை. வண்டிகளும் இல்லை.

கார் தானாக ஸ்ரார்ட் ஆகி நின்றது.

இப்போது என்ன செய்வது? வாள் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது. ஒதுக்கிப் போக இடமில்லை. ஏற்றினால் ரயர் கிழிந்துவிடும். ரயர் கிழிந்தால் ஏழு ஐந்துக்கு ஹம்பேர்க்கில் நிற்க ஏலாது. கையிலிருந்து வாங்கினால்தானே பிழை... கீழே வைத்ததை எடுத்தால் ஒன்றுமில்லை. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்போம்.

குனிந்து எடுத்தான். வாய்க்காலில் எறிந்தான். பட்டியைத் தொடவில்லை.

நாலு பத்துக்கு முருகேசு அண்ணையின் போன் அடித்தது. தபோதரன் ஹைவே ஓரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நின்றான். முப்பத்தெட்டு நிமிடம் பேசினான். இவ்வளவும் அப்போது சொன்னதுதான்.

"எறிஞ்சிட்டாய்தானே, விடு" என்றார் இவர்.

"மூண்டு தரம் எறிஞ்சிட்டன் அத்தான். வாள் திரும்பவும் பின் சீற்றில கிடக்கு."

"விசர்க் கதை கதையாதை. நித்திரை இல்லை உனக்கு."

"லிசாவுக்கு முதல்ல போன் எடுத்தனான். சொன்னன். அவள் கேட்டாள், கையால வாங்கினியோ, நிலத்தில இருந்து எடுத்தியோ எண்டு. நிலத்தில இருந்து எண்டன். போனை வைச்சிட்டாள்."

குசினியில் யாரும் வெட்டவில்லை. சிவானுஜா மெதுவாகக் கேட்டாள். "நிலத்தில இருந்து எடுத்தா என்ன மாமா?"

"கையால வாங்கினா அவன்ர ஆள். நிலத்தில கிடக்கிறது ஒருத்தற்றையும் இல்லை. எடுக்கிறவன்ர." கொஞ்சம் நிறுத்தினார். "ஆயிரம் வருசமா அவனைக் கீழை வை எண்டு ஒருத்தரும் சொன்னதில்லைப் போல. எங்கட ஆள் சொன்னான்."

"அப்ப அந்த மனிசன்?"

"அவன் போயிட்டான். அவன்ர இடத்தில இவன் நிண்டான்."

போனின் கடைசியில் தபோதரன் ஒன்று கேட்டிருக்கிறான். "அத்தான், நான் மத்தியானம் வரைக்கும் கலாவைப் பார்க்காமல் எங்கயாவது போகட்டோ? அவளுக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயமாக் கிடக்கு."

முருகேசு அண்ணை சொன்னார்: "ஒன்பது வருசம் காத்திருந்தவள். வந்து இறங்கேக்க நீ நிக்காட்டி அவள் ஆரிட்டப் போவாள்? போய் நில்லு."

இதைச் சொல்லிவிட்டு அவர் தன் முழங்கையால் மேசையில் கிடந்த அந்தக் கத்தியை மறுபக்கம் தள்ளினார்.

காலையில் நடந்ததைச் சொன்னது கலாதேவி. பொலிசுக்கும் முருகேசு அண்ணைக்கும் ஒரே சொற்களில்தான் சொன்னாள்.

ஏழு ஐந்துக்கு விமானம் வந்தது. தபோதரன் வெளியே நின்றான். தார் மணத்தது. அவள் அழுதாள், அவன் அழவில்லை. காரில் ஒன்றும் பேசவில்லை. பத்தரைக்கு வீட்டுக்கு வந்தார்கள். அவள் குளித்தாள், தேத்தண்ணி போட்டாள். பதினொன்று நாற்பதுக்கு, வீட்டு மரத்து மாம்பழம் கொண்டுவந்தேன், கத்தி எங்கே என்று கேட்டாள். அவன் எடுத்து நீட்டினான். கூர் தன் பக்கம், பிடி அவள் பக்கம். கீழே வையுங்கோ என்றாள். கையில் வாங்கு என்றான். மூன்று தரம் சொன்னான். வந்த முதல் நாளே சண்டை வேண்டாம் என்று அவள் வாங்கினாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான்; கத்தி அவன் வயிற்றுக்குள் இறங்கியது. பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது மேல் வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டார்.

காருக்குள் இருந்து எடுத்ததாகப் பொலிசார் எழுதிய பொருட்கள் மூன்று. வாள் அதில் இல்லை. ஒரு பூங்கொத்து. கடை விலைத் துண்டு கழற்றாத ஒரு குளிர் ஜக்கற். ஒரு தோல் இடுப்புப் பட்டி, நனைந்தது.