தோற்றுப்போன மேயர்

எழுபதுகளில் மெல்பேர்ன் ட்ராமில் தமிழ் காதில் விழுவது அபூர்வம். அதனால்தான் முன் இருக்கையில் இருந்த இளைஞர் தன் நண்பரிடம் சொன்னதை நான் கவனித்தேன்.

“கனடாவில மேயர் தோத்ததுக்கு எங்கட அண்ணர் அழுதவராம்.”

“கொண்ணருக்கும் மேயருக்கும் என்ன சொந்தம்?”

“ஒரு சொந்தமும் இல்லை. அண்ணர் இருக்கிற தெருவை இடிச்சுப் பெரிய ரோட்டுப் போட இருந்தவங்கள். இந்த மனுசன்தான் நிப்பாட்டினவர். முந்தி பஸ் ஓட்டினவர், பிறகு கவுன்சிலர், பிறகு ரெண்டு தரம் மேயர். ரோட்டை நிப்பாட்டினதோட காசுக்காரரெல்லாம் எதிராப் போயிட்டினம்.”

“கொண்ணர் வோட் போட்டவரோ?”

“ஓம். இஞ்ச மாதிரிப் போடாட்டி ஃபைன் அடிக்க மாட்டாங்கள் அங்க. பனிக்குள்ள நடந்துபோய்ப் போட்டவர். கனடாவில அவர் போட்ட முதல் வோட்.”



“இப்ப அந்த மனுசன் என்ன செய்யிறார்?”

“சும்மா வீட்டிலதான். போன மாதம் அண்ணர் பஸ்ஸில கண்டிட்டு, கிட்டப் போய், ‘நான் உங்களுக்குத்தான் போட்டனான்’ எண்டு சொன்னவராம்.”

“அதுக்கு?”

“எந்தத் தெரு எண்டு கேட்டாராம். அண்ணர் சொன்னவுடன, ‘வீடுகளெல்லாம் நிக்குதோ?’ எண்டாராம்.”

“நிக்குதோ?”

“நிக்குது. அண்ணர் அவரை வாற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.”

“வருவாரோ?”

“தன்ர மனுசியையும் கூட்டிக்கொண்டு வாறாராம்.”