வெளியில கைபிடி இல்லை

ஐயோ தம்பி, கார்க் கதவைத் திறக்கத்தான் வந்தனீங்கள், தெரியும், ஆனால் அந்த ஆப்பைத் திரும்பப் பைக்குள்ள வையுங்கோ, உங்களைக் கும்பிட்டன். அதைக் கதவு இடுக்கில செருகினியள் எண்டால் பெயின்ற் வெடிச்சிடும். ஒண்டு ரெண்டு பூச்சில்லை இது. பூசிறது, தேய்க்கிறது, திரும்பப் பூசிறது எண்டு ஒரு வின்டர் முழுக்க மினக்கெட்டனான். கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளைக்கு ஒண்டுமில்லை. அந்தச் சின்ன முக்கோணக் கண்ணாடி திறந்துதான் கிடக்கு, காத்துப் போகுது, தண்ணிப் போத்தலும் குடுத்தனான். பாருங்கோ, சும்மா சாஞ்சு கொண்டு இருக்கிறாள். என்ர மகள்தான், தக்ஷிகா.

ஓம், கைபிடி இல்லைத்தான். தேடாதேங்கோ, மற்றப் பக்கமும் இல்லை. சீ, உடையேல்லை. நான்தான் வெட்டி எடுத்து, ஓட்டையைத் தகடு வச்சு மூடினனான். இந்த ஸ்ரைலே அதுதான். ஒளிச்சு வச்ச பட்டன் ஒண்டு இருக்கு, முன்சில்லுக்கு மேல, மட்கார்ட்டுக்கு உள்பக்கம். அமத்தினால் டொக் எண்டு கதவு தானாத் திறக்கும். இண்டைக்கு எத்தினை தரம் அமத்தியும் பேசாமல் கிடக்கு. பற்றரி செத்துப்போச்சு எண்டு நினைக்கிறன்.

நீங்கள் இந்தியாவோ? ஆமா எண்டு சொல்லேக்கையே நினைச்சனான். மதுரையோ, நல்லது. அப்ப இந்தச் சனம் ஏன் வாசலில நிண்டு எட்டி எட்டிப் பாக்குது எண்டு யோசிப்பியள். உள்ளுக்க ஹோலில என்ர பிள்ளையின்ர சாமத்தியவீடு. நீங்கள் மஞ்சள் நீராட்டு எண்டு சொல்லுவியள், அதுதான். லண்டனில ஈஸ்ட்ஹாம், ஹரோ, எல்லா இடத்தாலயும் வந்திருக்கினம். பாரிசில இருந்தும் ஒரு வான் நிறைய. பிள்ளை காரால இறங்க, மாமன் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக, ரெண்டு பக்கமும் புகை வர, மேல ட்ரோன் பறந்து படம் எடுக்க எண்டு பிளான். நல்ல நேரம் ஒரு மணியோட முடியுது. ட்ரோன்காரப் பொடியன் அந்தா, மதிலில குந்திக்கொண்டு சிகரெட் பத்திறான்.

பொறும் தவம்! இவர் இப்பதானே வந்தவர், பாத்துக்கொண்டிருக்கிறார்!

என்ர மனிசி, தவநாயகி. பாவம், விடியக் காத்தால தொடங்கி ஓடித்திரியிறா.

பற்றரியோ? அது டிக்கிக்குள்ள கிடக்கு. டிக்கிக்கும் வெளியில கைபிடி இல்லை. திறக்கிற கம்பி உள்ளுக்க, சீற்றுக்குக் கீழ. ஓம், பிள்ளை இருக்கிற சீற்றுக்குக் கீழதான். சிரியாதேங்கோ தம்பி. அவள் அந்தச் சீலையோடயும் நகையோடயும் குனிய ஏலாது. ஏறேக்கையே கூரை தலையலங்காரத்தில முட்டி, ஒரு பூ கழண்டு போச்சு.

கூரை ஏன் இவ்வளவு பதிஞ்சு கிடக்கெண்டோ? ஆ, நல்ல கேள்வி கேட்டியள். இது மெர்க்குரி தம்பி, ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதாம் ஆண்டு அமெரிக்கக் கார். ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சு அமெரிக்காவுக்குத் திரும்பி வந்த பொடியளிட்டப் புதுக்கார் வாங்க வசதி எங்க? பழசொண்டை வாங்கி, வீட்டுக்குப் பின்னால வச்சு, கொம்பனி செய்ததை வெட்டிக் கொத்தித் தங்கட எண்ணத்துக்கு மாத்தினவங்கள். எங்கட ஆக்கள் ஒரு சாமானை வடிவாக்கிறதெண்டால் என்ன செய்வம்? பூட்டுவம். லைற் பூட்டுவம், மணி பூட்டுவம், பின்னுக்குப் பேர் எழுதுவம். அவங்கள் கழட்டினவங்கள்! கொம்பனிப் பேரைக் கழட்டி, மினுங்கிற கம்பியெல்லாம் கழட்டி, கைபிடியையும் கழட்டி, பொருத்துகளை ஈயம் உருக்கி மூடினவங்கள். முன் லைற்றைப் பாருங்கோ, உள்ளுக்குத் தாட்டுக் கிடக்கு, நித்திரை தூங்கிற கண் மாதிரி. கூரையில ஒரு சாண் வராது, அதைவிடக் கொஞ்சம் குறைய வெட்டி எடுத்துப்போட்டுத் திரும்ப ஒட்டினது. பின்சில்லு பாதி மூடி. கையைத் துடைச்சிட்டு ஒருக்காத் தடவிப் பாருங்கோ. எங்கயாவது தட்டுதோ?

தட்டாது! அதுதான் சங்கதி. ஆரோ பூட்டின கார் மாதிரியே இல்லை, அச்சில ஊத்தி எடுத்தது மாதிரிக் கிடக்கு.

நானோ? ஃபாரஸ்ட் கேட்டில ஒரு கராஜில டிங்கர் வேலை. சண்டைக் காலத்தில மண்ணெண்ணையில ஓடின கார்களைப் பாத்து வளந்தவன், ஊரில கார் எண்டால் ஸ்ராட் வந்தால் காணும், அதுவே போதும். இஞ்ச எனக்கு வாறதெல்லாம் இன்சூரன்ஸ் கார், இடிச்சது, நசிஞ்சது. முந்தி இருந்த மாதிரி ஆக்கிக் குடுக்கவேணும், அவ்வளவுதான். முந்தி இருந்ததைவிட வடிவாச் செய்து தா எண்டு ஒரு குருவியும் கேட்டதில்லை. அந்த விசரிலதான் இதைத் தொடங்கினனான். அந்தா, கோட்டும் சூட்டுமா ஃபோனோட நடந்து திரியிறாரே, அவர் மனிசியின்ர தம்பி, நிர்மலன். உங்களுக்கு ஃபோன் அடிச்சவரும் அவர்தான், பிள்ளையின்ர கையைப் பிடிக்க வேண்டிய மாமனும் அவர்தான். கண்ட கண்ட நேரமெல்லாம் கேப்பார், என்ன அத்தான், இன்னும் காரை உரிச்சு முடியேல்லையோ எண்டு.

தக்ஷிகா ஒருத்திதான் பகிடி பண்ணாதவள். சின்னனில இருந்து பக்கத்தில நிண்டு ரோச் லைற் பிடிச்சவள். எந்த வயர் எங்க போகுது எண்டு என்னைவிட அவளுக்கு அத்துப்படி. கூரை வெட்டி ஒட்டின அண்டைக்கு உள்ளுக்க ஏறி இருந்திட்டுச் சொன்னாள், அப்பா, இதுக்குள்ள இருந்தால் நாங்கள் எல்லாரையும் பாக்கலாம், எங்களை ஒருத்தரும் பாக்கேலாது எண்டு. எனக்கு அது பெரிய புளுகமாய், சந்தோசமாய் இருந்தது. எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.

என்ன சத்தமோ? அது... ரேடியோ. ஓம், பாட்டுத்தான் போகுது.

பற்றரி செத்தால் ரேடியோ எப்பிடிப் பாடும் எண்டு கேக்கிறியள். கெட்டிக்காரன் நீங்கள். மெல்லக் கதையுங்கோ. இங்கால, கொஞ்சம் மதில் பக்கமா வாங்கோ. அங்க பாக்காதேங்கோ, என்ர முகத்தைப் பாருங்கோ. பற்றரியைப் பற்றிக் கதைக்கிற மாதிரி நில்லுங்கோ.

போன மாசம் சாப்பிடேக்க பிள்ளை கேட்டாள், அப்பா, இதை ஏன் ஊருக்கெல்லாம் சொல்லவேணும், எனக்கு வெக்கமாய் இருக்கு எண்டு. தவம் என்னைப் பாத்தா. நான் சோத்தைப் பாத்தன். மனிசியையும் குறை சொல்லேலாது தம்பி. அவ பெரியபிள்ளையானது சண்டைக்குள்ள, பங்கருக்குள்ள. ஒரு வாளித் தண்ணி வாத்தவையாம், அதுவும் முடியமுதல் குண்டு போட ஹெலிகொப்டர் வந்திட்டுதாம். தன்ர பிள்ளைக்கு ராசாத்தி மாதிரிச் செய்து பாக்கவேணும் எண்டு இத்தனை வருசமா நெஞ்சுக்குள்ள வச்சிருந்தவ. அவவிட்ட நான் எந்த வாயால வேண்டாம் எண்டு சொல்லுறது? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி எண்டுவினம், அதுதான் நான்.

பிறகு அவவே சொன்னா, சரி, உங்கட காரிலயே பிள்ளையைக் கொண்டு வாங்கோ எண்டு. அண்டைக்கு இரவே காரை மினுக்கத் தொடங்கிட்டன். எனக்கும் ஆசை தம்பி. ஒரு நாளைக்கு எங்கட சனம் எல்லாம் நிண்டு இந்தக் காரைப் பாக்கவேணும் எண்டு ஆசை. வழி நெடுக அவளை நான் திரும்பிப் பாக்கேல்லை. ரோட்டில ஆரெல்லாம் எங்கட காரைப் பாக்கினம் எண்டு பாத்துக்கொண்டு வந்தன்.

இஞ்ச நிப்பாட்டி இறங்கி, என்ர கதவைச் சாத்திப்போட்டு, அவளின்ர பக்கம் வந்து பட்டனை அமத்தினன். ஒண்டும் இல்லை. குனிஞ்சு பாத்தால் கதவுக்குக் கரண்ட் போற பியூஸைக் கழட்டி உள்ளங்கையில வச்சிருக்கிறாள். அழேல்லை. அந்த முக்கோணக் கண்ணாடியால மெல்லச் சொன்னாள். எந்த நாளும் இங்கிலீஷில கதைக்கிறவள், தமிழில சொன்னாள் தம்பி. அப்பா, லொக் பழுது எண்டு சொல்லுங்கோ.

நான் நிமிர்ந்து சனத்தைப் பாத்து, பற்றரி செத்துப்போச்சு எண்டன்.

உள்ளுக்கோ? உள்ளுக்கு இருக்கு தம்பி, நல்ல கைபிடி. வெளியிலதான் இல்லை. உள்ளுக்கு இருந்து ஒரு இழுவை இழுத்தால் காணும், பியூஸும் தேவையில்லை, பற்றரியும் தேவையில்லை. அதை நான் கழட்டேல்லை. சனம் போக அவளே திறந்துகொண்டு வருவாள்.

நான் வீட்டில கதைக்கிறதே குறைவு. உங்களை மறிச்சு வச்சு இவ்வளவும் அலம்பினது நேரம் போகட்டும் எண்டுதான். ஒரு மணி தாண்டினால் ஐயர் வெளிக்கிட்டிடுவார், அவருக்கு வெம்பிளியில இன்னொரு அலுவல். நாளைக்கு தவம் வேற நாள் பாப்பாவோ, என்னோட கதைக்காமல் விடுவாவோ, எனக்கு ஒண்டும் தெரியாது. எனக்கு வேற ஒண்டும் செய்யத் தெரியேல்லை.

ஓம், காருக்கும் கெட்ட பேர்தான். கதவு திறக்காத கார் எண்டு லண்டன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பினம், மச்சான் நிர்மலனுக்குச் சாகும்வரைக்கும் பகிடிக்குக் குறைவிருக்காது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமோ. சிரிக்கட்டும்.

தவமும் மச்சானும் இங்காலதான் வருகினம். தம்பி, இண்டைக்கு இதைத் திறக்கேலாது எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் யூனிபோர்மோட நிக்கிறியள், நம்புவினம். நான் சொன்னால் தவத்துக்கு என்ர முகத்தில தெரிஞ்சிடும்.

வாரும் தவம். இந்தத் தம்பி உமக்கு ஏதோ சொல்லவேணுமாம்.