இருவாச்சிக்காகப் போட்ட சண்டை

நம் கொள்ளுத்தாத்தாக்களுக்கும் முந்தின காலம். இமயமலை அடிவாரத்தில், சால மரக்காட்டுக்குள் ஒரு ஊர். அதில் சுகனி என்று ஒருத்தி இருந்தாளாம். யானை எந்த வழியே ஆற்றைத் தாண்டும், நீள மூக்கு முதலை எந்த மணலில் முட்டையிடும், எந்த மரத்துப் பழம் எந்தப் பறவைக்கு, எல்லாம் அத்துப்படியாம்.

ஒருநாள் நோட்டும் கையுமாக ஒருத்தன் வந்தானாம்.

"காட்டில் இருக்கிற செடி, விலங்கு, பறவை எல்லாம் எழுதணும். மகாராஜா உத்தரவு."

ஊரே போட்டி போட்டுக்கொண்டு சொன்னதாம். சுகனிக்குப் படிக்கத் தெரியாது, பார்க்கத் தெரியும். செடி செடியாகச் சொன்னபோது அவன் பேனா நகரவில்லையாம். நீர்நாய் வளை என்றதும் ஓடியதாம். செடி எழுத வந்த மூஞ்சியா அது?

கடைசியில் இருவாச்சிக் கூடு எங்கே என்றானாம். அந்தத் தாய்ப் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சின்னக் கீறல்தான் மிச்சம். அப்பன்காரன் பழம் கொண்டுவந்து ஊட்டுவான். மரம் தெரிந்துவிட்டால் தாயையும் குஞ்சையும் கையாலேயே அள்ளலாம். அந்த மரம் எதுவென்று சுகனிக்கு மட்டும்தான் தெரியும்.

"சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க, அண்ணி?" என்றானாம் கொழுந்தன் மங்ரு.

"நீ பேசாம இரு."

"சொல்லாட்டிப் போகட்டும்," என்றானாம் வந்தவன். "ஆண் பறவை இரையோட வருமில்லே? சிறகுச் சத்தம் போற பக்கம் போறேன்."

இலை அடர்த்தியில் பறவை தெரியாது, சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். ஓடைக்கரையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தானாம்.

தூரத்தில் 'வுஸ், வுஸ்' என்றதுமே சுகனி இடுப்பில் கை வைத்தாளாம்.

"ஏண்டா மங்ரு, என் கூரைக்கு வெச்சிருந்த புல்லை எடுத்தது யாரு?"

"நான் எங்கே எடுத்தேன்?"

"அப்போ உன் எருமை வந்து சொல்லட்டும்."

சிறகுச் சத்தம் ஓய்கிற வரை வாய் ஓயவில்லையாம். மறுநாளும் அப்படியே. இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியதாம்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்தவன் மங்ருவிடம் மெதுவாகக் கேட்டானாம்: "தாய்ப் பறவை அலகைக் கட்ட எவ்வளவு கயிறு வேணும்?" மங்ரு அண்ணி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தானாம்.

மூன்றாம் நாள் சிறகுச் சத்தம் வந்தது. சுகனி வாயைத் திறக்குமுன் மங்ருவே கத்தினானாம்.

"நீங்க ஆக்குறதை மனுஷன் திம்பானா, அண்ணி?"

அவன் பெண்டாட்டி சேர்ந்துகொண்டாள். அடுத்த வீட்டுக்காரியும் வந்தாள். நோட்டுக்காரன் காதைப் பொத்திக்கொண்டு மூட்டை கட்டினானாம்.

அந்த ஓடைக்கரைக்கு அந்த ஊர்ப் பேச்சில் இன்றைக்கும் சண்டைத்துறை என்றுதான் பேர். பங்குனி, சித்திரையில் முன்பின் தெரியாத ஆளாக அங்கே போய் நின்று பாருங்கள். காரணமே இல்லாமல் இரண்டு பெண்கள் திட்டிக்கொள்வார்கள். தலைக்கு மேலே எதுவோ பறந்து வீட்டுக்குப் போகும். உங்களுக்குக் கேட்காது.