பதினேழாம் நம்பர் பார்க்கிங்

இல்லம்மா, குடுக்க முடியாது. வாடகைக்கும் கிடையாது, சும்மாவும் கிடையாது. அந்தப் பார்க்கிங் என் வீட்டோட வந்தது.

ஆமா, எங்கிட்ட காடி இல்லதான். லைசென்சே இல்ல. ஒம்பதாவது மாடியில நாலு மாசமா அதைத்தானே பேசிக்கிட்டிருக்கீங்க? லிஃப்டுல நானும்தான் நிக்கிறேன், காது நல்லாவே கேக்குது.

உனக்கு ஒரு காடி, உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணு. பார்க்கிங் ஒண்ணுதானான்னு வீடு எடுக்கும்போதே கேட்டிருக்கணும். ஏஜெண்டு நீச்சல் குளத்தைக் காட்டினான், நீங்க போட்டோ புடிச்சுக்கிட்டீங்க. நான் குளத்தை எட்டிக்கூடப் பாக்கல. பார்க்கிங்கைக் காட்டுய்யான்னேன். பெரியவரே, நீங்களே என் காடியிலதானே வந்தீங்கன்னு சிரிக்கிறான்.

ரோட்டோரமா நிறுத்துறியா? தாராளமா நிறுத்து. செக்யூரிட்டி வந்து சக்கரத்துல பூட்டு போடுவான். அந்த வேலை மட்டும் இங்க சுறுசுறுப்பா நடக்கும்.

நல்ல ஊரும்மா. எல்லாம் புதுசு. பஸ் ஸ்டாப்புகூட புதுசு, பஸ்ஸுதான் இன்னும் வரல. ஒரு ரொட்டி வாங்கணும்னா ஹைவேயைத் தாண்டணும். உனக்கு மூணு நிமிஷம், என் காலுக்கு ஒரு மணி நேரம்.

பின்ன ஏன் இங்க வந்தேனா?

செந்தூல்ல பழைய ஃப்ளாட்டுல இருந்தேன். கீழயே மார்க்கெட்டு, வாசல்ல பஸ்ஸு. காடி நிறுத்தத்தான் எடம் கிடையாது. நாலு வருசத்துக்கு முந்தி தீபாவளிக்கு என் தம்பி அர்ச்சுனன் புதுக் காடியில வந்தான். அங்க ஒருத்தன் காடிக்குப் பின்னாடி இன்னொருத்தன் நிறுத்தித்தான் ஆகணும். எவனோ வெளிய எடுக்கையில கதவைக் கீறிட்டான். தொரை பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சாரு. காடி நிறுத்த ஒழுங்கா ஒரு எடம் வச்சுக்கிட்டுக் கூப்புடு, வரேன்னுட்டுப் போனவருதான்.

நான் கூப்புடுறதா? எதுக்கு? மூத்தவன் நானு. போனெல்லாம் பண்ணல. பார்க்கிங் நம்பரை மட்டும் அனுப்பி வச்சேன். கீழ ரெண்டாவது தளம், தூணுக்குப் பக்கம், பதினேழுன்னு.

பாத்துட்டான், நீல டிக்கு விழுந்துருச்சு. குடி வந்த அன்னைக்கே அனுப்புனது.

வருவானான்னு நான் என்னத்தக் கண்டேன்? மேல வந்து ஒரு வாய் தண்ணி குடிக்க வேணாம். நிறுத்திட்டு, எறங்காமலே திரும்பிப் போகட்டும். எடம் இல்லன்னு மட்டும் அவன் இனிமே சொல்லக் கூடாது.