சிமியோன் பேசாதிருக்கும் உரிமை

அந்த மின்விசிறி ஆடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஜெயதீபன். நான் இந்த அலுவலகத்தைத் திறந்த நாளிலிருந்து அப்படித்தான் ஆடுகிறது, இதுவரை விழவில்லை. உங்கள் கைபேசி பதிவு செய்துகொண்டிருந்தால் அதுவும் இருக்கட்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கே வெகுநாள் பிடிபடாத ஒரு சின்ன விடயத்திலிருந்து தொடங்குகிறேன். தேவராசா கொல்லப்பட்ட காலையில் தான் எங்கே நின்றேன் என்று என் கட்சிக்காரன் சிமியோன் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை, நீதவானுக்கும் சொல்லவில்லை, மனைவி ஜெசிதாவுக்குக்கூடச் சொல்லவில்லை. குற்றம் செய்தவன் ஒரு பொய்யையாவது தயாராக வைத்திருப்பான். இவனிடம் அதுவும் இல்லை. ஏன்?

நீங்கள் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அரியாலையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையைத் தேவராசா வேலி போட்டு அடைத்தார். மீன்பிடிக்கிற சனத்துக்கு அதுதான் வழி. சிமியோன் சந்தியில் நின்று, "உந்த வேலிக்கையே உன்னைத் தாட்டுப்போடுவன்" என்று கத்தினான். அந்த வாரமே தேவராசா தன் வளவில் மண்டை உடைந்து கிடந்தார். வேலிக் கதியால் நடக் குழி தோண்டிய இரும்பு அலவாங்கைக் காணவில்லை. நீங்கள் சிமியோனைப் பிடித்தீர்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஜெசிதா அழுதுகொண்டு வந்தாள். அவள் கேட்குமுன்பே வழக்கை ஏற்றுக்கொண்டேன். விளக்கமறியல் சிறையில் சிமியோனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்கும் பாரம் முழுவதும் அரச தரப்பின் தலையில். எதிரி வாய் திறக்காமல் இருப்பதை அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியாது. எவ்வளவு அழகான ஏற்பாடு என்று யோசித்துப் பாருங்கள். அரசாங்கம் முழுவதும் ஒரு பக்கம், ஒரு மீனவன் மறுபக்கம்; அந்தத் தராசைச் சமப்படுத்தச் சட்டம் அவன் கையில் மௌனத்தைக் கொடுக்கிறது.

"பொலிஸ் வந்து கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"என்ரை லோயரைக் கேளுங்கோ எண்டு சொல்லுவன், ஐயா."

"மனிசி கேட்டால்?"

"அவளுக்கும் அதுதான். செபம் மாதிரிப் பாடமாக்கிட்டன்."

பிறகு, சட்டத்தரணியிடம் சொல்வது சட்டத்தரணியோடு நிற்கும் என்பதை விளக்கினேன். அதைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. ஒருநாள் தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"மச்சான்ரை களங்கட்டியிலை இறால் அள்ளிக்கொண்டு நிண்டனான், ஐயா."

நீங்கள் கரைப்பக்கத்து ஆள் இல்லை, ஆகவே சொல்கிறேன். ஆழமில்லாத தண்ணீரில் தடிகளை நட்டு வலை வளைத்துக் கட்டுவது களங்கட்டி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். இன்னொருவனுடையதில் கைவைத்தவனுக்கு மீனவர் சங்கம் இடம் கொடுக்காது. அவன் பிள்ளைகளுக்கும் கொடுக்காது. கொலை நடந்த அன்று காலை ஜெசிதாவின் அண்ணன் யேசுராசா, இறாலைக் காணவில்லை என்று சங்கத்தில் சத்தம் போட்டதை ஊரே கேட்டது. சிமியோன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டும் பொருந்தி, கொலை நடந்த நேரத்தில் அவன் தண்ணீரில் நின்றான் என்று ஆகிவிடும்.

"அப்ப அதைச் சொல்லன்," என்றேன்.

"கொலைகாரன்ரை பிள்ளையள் எண்டாலும் அதுகளுக்குக் கடல் இருக்கும், ஐயா. கள்ளன்ரை பிள்ளையள் எண்டால் அதுவும் இல்லை. இப்ப அதுகளுக்குச் சோறு போடுறதும் அந்த மச்சான்தான்."

நான் அவனை வற்புறுத்தவில்லை. வேறு எதையாவது பார்த்தானா என்று மட்டும் கேட்டேன்.

"தேவராசான்ரை வளவடியிலை ஒராள் தண்ணிக்கை இறங்கிக் கை கழுவினது. வெள்ளைச் சேட்டு. முகம் தெரியேல்லை. உங்களைப் போலை மெலிஞ்ச ஆள்தான்." பிறகு சிரித்தான். "ஐயாவும் வடிவாச் சாப்பிடுறேல்லைப் போலை."

நானும் சிரித்தேன். அன்றுதான் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

தேவராசாவின் வளவுக்கு அடுத்த தென்னங்காணி என்னுடையது. வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் கதியாலைச் சற்று உள்ளே தள்ளி நடுவார். எல்லை வழக்குகள் எப்படி இழுபடும் என்று தெரிந்த சட்டத்தரணி தன் வேலிக்காக நீதிமன்றம் போகமாட்டான். அன்று விடிய என் நிலத்திலேயே குழி தோண்டினார். நிறுத்தச் சொன்னேன். "வழக்குப் போடுங்கோவன், லோயர்," என்று சொல்லிவிட்டு, அலவாங்கை என் பக்கம் சாத்திவைத்துத் துண்டால் முகம் துடைத்தார். அவர் முகத்திலிருந்து துண்டை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

நான் கை கழுவியதைக் கண்டவன் சிமியோன் ஒருவன்தான். ஆகவே அவன் யாரிடம் பேசுவான் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது.

கொலை நேரத்தில் வேறிடத்தில் நின்றேன் என்று எதிரி வாதிடுவதானால் வழக்கு விளக்கத்துக்கு முன்பே நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்தத் தவணை போன கிழமை முடிந்துவிட்டது. இனி அறிவித்தால் நீதிபதி தாமதத்துக்குக் காரணம் கேட்பார். காரணம் சொல்ல வேண்டியவன் நான்.

இப்போது உங்கள் கைபேசிக்கு வருவோம். பொலிஸ் அதிகாரியிடம் ஒருவன் கொடுக்கும் குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அடித்து வாங்கிய வாக்குமூலங்களில் சனம் அழியக்கூடாது என்று வைத்த வேலி அது. ஒரு வாசல் மட்டும் உண்டு: நான் சொன்னதை வைத்து நீங்கள் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதைக் காட்டித்தந்த வார்த்தைகள் மட்டும் உள்ளே வரும். ஆகவே அலவாங்கு எங்கே என்று கேட்காதீர்கள்.

என்னைக் கெட்டவன் என்று நினைக்கிறீர்கள். இந்த மாகாணத்தில் தன் கட்சிக்காரன் குற்றமற்றவன் என்று துளி ஐயமும் இல்லாமல் அறிந்த சட்டத்தரணி நான் ஒருவன்தான். அவனுடைய ஓர் உரிமையைக்கூட நான் மீறவில்லை.

வேண்டுமானால் இப்போதே போய்ச் சிமியோனைக் கேளுங்கள். களங்கட்டியைப் பற்றிக் கேளுங்கள், வெள்ளைச் சேட்டைப் பற்றியும் கேளுங்கள். உங்களுக்கு மரியாதையாக எழுந்து நிற்பான். தன் லோயரைக் கேட்கச் சொல்லுவான்.

நீங்கள் திரும்பி இங்கேதான் வரவேண்டும்.