ரொட்டி வேனின் அடித்தகடு

"எங்க வீட்டுக் கதையைப் பேசலைன்னா உங்களுக்குச் சோறு இறங்காதா அக்கா?"

"கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"மாப்பிள்ளை வீட்டம்மா கேட்டது பொண்ணு வேலைக்குப் போறாளான்னு. நீங்க சொன்னது அவ யார்கூட பைக்ல போனாள்னு."

எங்கள் கட்டடத்து மாடிப்படியில் ஒருவர் தும்மினால் நான்கு தளத்துக்கும் கேட்கும். கட்டியவர் செய்த கோளாறு அது. அன்று எதிர்வீட்டுத் தையல்காரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் தங்கைக்கு வந்த நல்ல வரன் என்னால் தட்டிப்போயிற்று என்பது அவள் கட்சி. வரன் அவ்வளவு நல்லதாக இருந்தால் ஒரு பைக்குக்குப் பயந்து ஓடியிருக்குமா என்பது என் கட்சி.

"இனிமே எங்களைப் பத்தி நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை உங்க வாயிலிருந்து வரக் கூடாது" என்றாள். கதவிடுக்குகளில் நின்று எல்லோரும் கேட்டார்கள். எனக்காக ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் அவர்களில் பாதிப்பேருக்கு ஊர் நடப்பே என் புண்ணியத்தில்தான் தெரியும்.

அவள் கணவர் திரைச்சீலை மாட்டுகிறவர். அவர்தான் அவளை உள்ளே அழைத்துப் போனார். பிறகு தனியாக வந்து, "மனசுல வச்சுக்காதீங்கக்கா. தங்கச்சின்னா அவளுக்கு உசுரு" என்றார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. என் ஜன்னலுக்கு அவர் மாட்டிக்கொடுத்த திரை இன்றுவரை ஒரு கொக்கிகூடக் கழலாமல் தொங்குகிறது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் அவர்கள் ஒரு பழைய வேன் வாங்கினார்கள். பன்னிரண்டு வருடம் ரொட்டி சுமந்த வண்டி. வெளியூர் விடுதிகளில் வேலை நிறைய இருந்தது, தங்கத்தான் இடம் இல்லை. வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தையல் மெஷின் எல்லாவற்றையும் பொருத்திக்கொண்டால் வாரக்கணக்கில் சுற்றிவரலாம் என்று திட்டம். வாங்குமுன் அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். துணியோடு பழகிய மனிதர் இல்லையா, கடைசியில் சீட்டு உறையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். நான் மேலே ஜன்னலில் நின்று சிரித்தேன்.

வண்டியை விற்ற ரொட்டி டிரைவர் இரண்டு நாள் கழித்து வந்தார். எதிர்வீடு பூட்டியிருந்தது. எங்கள் தெருவில் ஆள் இல்லையென்றால் யாரும் சீட்டு எழுதி வைப்பதில்லை. என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னதும் சேர்ந்துவிடும், சொல்லாததும் சேர்ந்துவிடும் என்று கேலி வேறு.

"விக்கிற அவசரத்துல முக்கியமான ஒண்ணை விட்டுட்டேம்மா" என்றார் அவர். "பின்பக்கம் அடித்தகடு துருப்பிடிச்சு ஓட்டையாயிருக்கு. நேர் கீழே சைலன்சர் குழாய். மேல பலகை போட்டிருக்கேன், ஆனா புகை உள்ள வரும். நான் ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் ஓட்டுவேன். வண்டியை நிறுத்தி, எஞ்சினைப் போட்டுக்கிட்டு உள்ள உட்காரவே கூடாது. ஆளையே கொன்னுடும். முதல்ல வெல்டிங் வைக்கச் சொல்லுங்க. போன் அடிச்சேன், எடுக்கலை. நான் இன்னைக்கே மக ஊருக்குக் கிளம்பறேன்."

என்னை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "உங்ககிட்ட சொன்னா கவலையில்லை" என்று நிம்மதியாகப் படியிறங்கினார். பாவம், நல்ல மனிதர்.

சாயங்காலம் அவர்கள் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள். நான் கதவைத் திறந்து வைத்து நின்றேன். தையல்காரி என்னைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள். ஒரு வார்த்தை வரக் கூடாது என்றவள் அவள். வராமல் இருந்தது. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.

கேட்டார்கள். மறுநாள் திரைக்காரர் வந்து, "வேன்காரர் வந்தாராமே, கீழ்வீட்டுல சொன்னாங்க. ஏதாவது சொன்னாராக்கா?" என்றார். அவருக்குப் பின்னால் அவள் வாசலில் நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நூல்கண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த முகம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"சும்மாதான் வந்தார். ராசியான வண்டி, நல்லா வச்சுக்கச் சொன்னார்" என்றேன்.

அவருக்கு அது பெரிய சந்தோஷம். அதற்குப் பிறகு அவர் செய்தது வேறு தொழில்காரர் யாருக்கும் தோன்றாது. குளிர்காற்று வரக் கூடாதென்று வேனின் ஒவ்வொரு இடுக்கையும் துணியால் தைத்து அடைத்தார். ஜன்னல்களுக்கு இரட்டை மடிப்புத் திரை. கதவு விளிம்பு முழுக்கக் கம்பளிப் பட்டை. கம்பளி போதவில்லை. என்னிடம் பழைய கம்பளி ஒன்று இருந்தது, நான்தான் கொடுத்தேன். அளவு எடுக்க நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். "உள்ள உட்கார்ந்தா கருவறை மாதிரி இருக்கும் பாருங்கக்கா" என்றார். என் காலடியில் அந்தப் பலகை லேசாக ஆடியது.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையிலிருந்தே மழை, நல்ல குளிர். அக்காவும் தங்கையும் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். பத்தேகால் மணிக்கு அவர் கையில் கொக்கி டப்பாவோடு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது, ஹீட்டருக்காகத்தான். திரை எல்லாம் இழுத்து மூடியிருந்தது.

நான் காபி போட்டேன். குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன். என் வீட்டிலிருந்து கீழே இருபத்தெட்டுப் படி. ஒரு தலைவலி வரட்டும், வேனை வாங்கியதற்கு அவளே அவரைத் திட்டட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். முதல் அரைமணி நேரத்துக்கு அது உண்மை. அதற்கப்புறம் பீன்ஸ் தீர்ந்துவிட்டது. நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருதரம் கதவுவரை போய்ச் செருப்பை மாட்டினேன். இப்போது போனால் இத்தனை நேரம் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று கழற்றிவிட்டேன்.

பதினொன்றரைக்கு அக்காவும் தங்கையும் திரும்பி வந்தார்கள். அதற்குச் சற்றுமுன்தான் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நின்றிருந்தது. நாலு மாதத்தில் முதல்முறையாகத் தையல்காரி என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, அவரைப் பாத்தீங்களா? வீட்டுல காணோம்."

"இல்லையேம்மா" என்றேன். "மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பார்."

அவள் இன்னொரு பத்து நிமிடம் மாடியிலும் பக்கத்துக் கடைகளிலும் தேடிவிட்டு, அப்புறம்தான் வேன் கதவைத் திறந்தாள். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவர் உயிரோடு இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் வாய் வருவதில்லை.

ஏற்கெனவே அவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் டாக்டர் இதயம் என்று எழுதிவிட்டார். பலகையை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. தையல்காரி என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க ஒருத்தராவது பக்கத்துல இருக்கீங்களே அக்கா" என்றாள். நானும் அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே நின்றபாடில்லை. அவளுக்கு மூன்று வாரம் நான்தான் சமைத்துப் போட்டேன்.

அந்த வருடக் கடைசியில் அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். ரொட்டி டிரைவர் மகள் ஊருக்குப் போனவர் போனவர்தான். தங்கை அந்த பைக்குக்காரனையே கட்டிக்கொண்டாள். ஆள் எலக்ட்ரீஷியன், தங்கமான பிள்ளை, நான் நினைத்ததுபோல் இல்லை. திரைச்சீலைத் தொழிலை இருவரும் எடுத்துச் செய்கிறார்கள். வேனை அக்காவே கல்யாணச் சீராகக் கொடுத்துவிட்டாள். போன வாரம்தான் மலைப்பக்கம் ஒரு பெரிய விடுதி வேலைக்கு அதில் கிளம்பிப் போனார்கள். அங்கே இப்போது கடுங்குளிராம்.

தங்கை தன் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். நேற்று ஒருமுறை அடித்தேன். மணி போயிற்று. அவள் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை இப்போது போய் ஏன் கலவரப்படுத்த வேண்டும். குளிர் விடட்டும், சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம்.